டீச்சர் வீட்டுக் கிணற்றின் பதிவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்திலேயே போயும்விடும். போய்விடுகிறதே, அப்புறம் என்ன என்று இருபத்தைந்து வயது வரை அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. என்னை விட்டுப் போன கோபம் எங்கே போய்த் தங்குகிறது என்று எனக்குத் தெரியவந்தது மயிலாப்பூரில், ஒரு டீச்சர் வீட்டுக் கிணற்றடியில். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அந்த வீட்டை நினைத்தால் இன்றும் முதலில் மனதில் எழுவது நன்றிதான். கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்போது தேனாம்பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக் கிணறுகளில் கோடையில் இறைக்க இறைக்கத் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது, உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிற ஆய்வு. மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அடையாறில் ஒரு பங்களா. அங்கே என்னைக் கண்டாலே குரைக்கிற நாய் ஒன்று உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, கடலைவிட்டுச் சற்றுத் தள்ளி, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பின்கட்டு. அங்கே கிணற்று மூடியின் மேல் புடவைக் கட்டுகளை அடுக்கி வைத்துவிடுவார்கள், நகர்த்தித்தான் திறக்க வேண்டும். மூன்றாவது, மயிலாப்பூரில் ஒரு இயற்பியல் டீச்சரின் வீடு. டீச்சர், அவர் கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். எதிர்த்துப் பேசாத மனிதர்கள். நாயும் கிடையாது.

கருவியை லாகர் என்போம். சாம்பல் நிறத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு இருக்கும். கிணற்றுச் சுவரின் உள்பக்கம் ஆணியடித்து மாட்டியிருப்போம். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் தண்ணீருக்குள் இறங்கும். கால் மணிக்கு ஒரு தரம் தண்ணீரின் மட்டத்தையும் உப்பையும் அது தானாகக் குறித்துக்கொள்ளும். ஆனால் அதன் வயிறு சின்னது. ஒரு மாதத்துக்கு மேல் மூன்று நான்கு நாள்தான் தாங்கும். அதற்குள் யாரும் வந்து எடுத்துப் போகாவிட்டால், யாரையும் கேட்காமல் பழையதன் மேலேயே புதியதை எழுத ஆரம்பித்துவிடும். பழையது போனால் போனதுதான்.

அதனால் மாதம் ஒருமுறை நான் கறுப்பு ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிணறு கிணறாகப் போவேன். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதை லாகரில் செருகிப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். பன்னிரண்டு நிமிடம் மினுக்கும். நின்றதும் லாகரின் கண்ணாடியில் தெரியும் எண்ணிக்கையும் பெட்டியில் தெரியும் எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இருந்தால்தான் லாகரின் நினைவை அழிக்கலாம். எங்கள் சார் இந்த ஒரு விஷயத்தில் கறாரானவர். "நம்பர் ஒத்துப்போகாம அழிக்கிற பட்டன்ல கை வெச்சே, உன்னை நான் அழிச்சிடுவேன்" என்பார். பிறகு அலுவலகத்துக்கு வந்து பெட்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்து, பிளாப்பியில் இரண்டு பிரதி எடுத்து, மேலே தேதி எழுதி வைப்பது வரை என் வேலை.

ஜனவரியிலிருந்து ஜூன் வரை இடைவெளி விழாத பதிவு வேண்டும். ஜூலையில் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். பார்த்துத் திருப்திப்பட்டால் இரண்டு வருடம் நீட்டிப்பு, எனக்கும் வேலை. இல்லாவிட்டால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆதம்பாக்கத்தில் என் வீட்டில் ஜாதகத்தை எடுத்து வெளியே விட்டாயிற்று. வேலைக்குப் போகிற பெண் என்பதால் மட்டும்தான் கொஞ்சம் பொறுத்திருந்தார்கள். ஜூலையில் வேலை போனால் ஆவணியில் முகூர்த்தம். எனக்கோ அந்த மூன்று கிணறுகளையும் விட்டுவிட்டு எங்கும் போக மனமில்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு நிமிடம் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? டீச்சர் காபி கொண்டுவந்து கிணற்றடித் துவைக்கும் கல்லில் வைப்பார், நான் பேசுவேன். பிப்ரவரியில் பதிவெடுக்க முதல் முறை போனபோதே ஜாதகம் வரைக்கும் பேசிவிட்டேன். ஆய்வு எதற்கு, எதை அளக்கிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. சார் கொடுத்த கடிதத்தில் எழுதியிருக்கும், படித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். 'கிணற்று நீர் ஆய்வு, ஜூன் இறுதி வரை, ஒத்துழைப்பு தேவை' என்பதற்கு மேல் அதில் ஒரு வரி கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த முதல் முறைதான் அதுவும் நடந்தது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டதால் மோட்டார் ஓடவில்லை. டீச்சரின் கணவர் ராட்டினத்தில் வாளியை இறக்கினார். கயிறு என் ஒயரில் சுற்றிக்கொண்டது. அவர் அதை விடுவிக்கப் பார்த்து இழுத்த இழுப்பில் லாகர் ஆணியோடு ஆடியது. நான் கத்தினேன்.

"என்ன சார் பண்றீங்க? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? இந்தக் கிணத்துல யாரும் கை வைக்காம இருந்தாலே போதும், என் வேலை நடந்துடும்!"

என்னைவிட இருபது வயது பெரியவர். வாளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "சாரிம்மா" என்றார். டீச்சர் சமையலறை வாசலில் காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஒயரைச் சரிசெய்தேன், எண்ணிக்கையைப் பார்த்தேன், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. காபியையும் குடித்தேன். பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் எனக்கு அது மறந்தே போய்விட்டது.

மார்ச் மாதப் பதிவைத் திரையில் போட்டுப் பார்த்தபோது சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற இரண்டு கிணறுகளின் கோடும் மோட்டார் போடுகிற நேரமெல்லாம் குழி குழியாக விழுந்து எழும். டீச்சர் வீட்டுக் கோடும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. இப்போது அது வழவழவென்று, ஒரு பள்ளம்கூட இல்லாமல், மெல்ல இறங்கிக்கொண்டு போனது. உப்பும் ஏறவில்லை.

"பாரேன், தங்கமான பதிவு! இந்த வெயில்லயும் உப்பு ஏறல பாரு. ரிப்போர்ட்டே இந்தக் கிணத்தை வெச்சுத்தான்" என்றார் சார்.

ஏப்ரலிலும் தங்கம். கருவியை நான் பார்த்துக்கொள்ளும் விதம்தான் காரணம் என்று சார் இரண்டு பேர் முன்னால் சொன்னார். மோட்டார் போடாமல் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பாராட்டு வருகிற நேரத்தில் யார் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

மே மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். ஊர்சுற்றிவிட்டு வர நாலு நாள் தள்ளிப்போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போய் லாகரைப் பார்த்தால், மறுநாள் காலை எட்டு மணியோடு இடம் நிரம்பிவிடும் என்று காட்டியது. அதனாலென்ன, இதோ எடுத்துவிடலாம் என்று பெட்டியைச் செருகினேன். ஐந்து நிமிடம் மினுக்கிய பச்சை விளக்கு மங்கி, அணைந்தே போயிற்று. பெட்டிக்கு சார்ஜ் போட மறந்திருந்தேன். கல்யாணக் களைப்பு. பாதிப் பதிவுதான் ஏறியிருந்தது, பாதியில் நின்றால் அதுவும் செல்லாது. அழிக்கிற பட்டனிலிருந்து கையைத் தூரமாக எடுத்துக்கொண்டு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"என்ன ஆச்சும்மா?" என்றார் டீச்சர்.

"பேட்டரி தீர்ந்துடுச்சு டீச்சர். வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டுட்டு நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறேன். எட்டு மணிக்குள்ள எடுத்தாகணும்."

"எட்டுக்கா? வாயேன். தாராளமா வா" என்றார். ஆனால் முகத்தில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்கிறாளே என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டு மணியைத் தவறவிட்டால் மாதத்தின் ஆரம்பம் ஒவ்வொரு கால் மணியாக அழியும். அந்தப் பயத்தில் முதல் பஸ்ஸையே பிடித்துவிட்டேன். டீச்சர் தெருமுனைக்கு வந்தபோது ஆறுகூட ஆகவில்லை. தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. வரிசையின் நடுவில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் குடத்தோடு டீச்சர் நின்றார். அவர் கணவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் நிறைகுடங்களைத் தொங்கவிட்டு, தள்ளாடித் தள்ளாடி உருட்டிக்கொண்டு எனக்கு எதிரே வந்தார். பெரிய பெண் பின்னால் ஒரு குடத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

டீச்சர் என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். வரிசையில் எங்கே போய் ஒளிவது?

"எட்டு மணிக்குன்னு தானேம்மா சொன்னே?" என்றார்.

"கிணறு வத்திடுச்சா டீச்சர்?"

பதில் சொன்னது டீச்சர் இல்லை, அவருக்குப் பின்னால் நின்ற பெண்மணி. முழங்கைவரை கண்ணாடி வளையல், குரலில் லாரி ஹாரனையும் தாண்டுகிற சத்தம்.

"இன்னாம்மா, நீதான் அந்த மிஷின் பொண்ணா? நல்லா கேட்ட போ! வூட்டாண்ட கெணறு ரொம்பி கீது. ஒன் மிஷினு கெட்டுப்பூடும்னு மூணு மாசமா டீச்சரம்மா எங்களாண்ட வந்து லைன்ல நின்னுகினு கீது. ஒரு நாளைக்குப் பன்னெண்டு கொடம். அந்த அய்யாவுக்கு இடுப்பே புட்டுக்கிச்சு. இன்னா மிஷின்மே அது?"

"நீ சும்மா இரும்மா" என்று டீச்சர் அவரை அடக்கினார். ஒரு குடத்தை டீச்சர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அதையாவது செய்தேன்.

கிணற்றடிக்குப் போனதும் வேறெதுவும் பேசாமல் முதலில் பெட்டியைச் செருகினேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததே. பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. என் காலடியில், எப்போதும் போல, வாளி நிறையத் தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தார்கள். கிணற்று ஒயரில் பாசி வழவழக்கும். அதைத் தொட்ட கையை ஒவ்வொரு முறையும் அந்த வாளியில்தான் கழுவுவேன். கை, கால், முகம் எல்லாம் கழுவி, வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று மீதியைக் காலில் கொட்டிக்கொண்டு போவேன். கிணற்றுத் தண்ணீர்தானே என்று நினைத்திருந்தேன். மார்ச்சில் ஒரு வாளி, ஏப்ரலில் ஒரு வாளி, நேற்று ஒரு வாளி. அழுகை வந்துவிட்டது. துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

"அசடே, இதுக்கா அழுவா?" என்றார் டீச்சர். "நீதானேம்மா சொன்னே, கிணத்துல கை வைக்காம இருந்தா போதும்னு. எனக்கும் அது சரின்னுதான் பட்டது. பிராக்டிகல்ல ரீடிங் எடுக்கறச்சே மேஜையை ஆட்டப்படாதுன்னு நானே தொண்டை கிழியக் கத்திண்டிருக்கேன். நம்மாத்துக் கிணத்தை நாமளே ஆட்டினா உன் ரீடிங் என்னத்துக்கு ஆகும்?"

"டீச்சர், நீங்க எப்பவும் போல மோட்டார் போட்டாத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"உன் வேலையே இதுலதான் இருக்குன்னு சொன்னியோல்லியோ. ஜூன் வரைக்கும்தானே, பல்லைக் கடிச்சிண்டு இருந்துடலாம்னு இவரும் சொன்னார்."

அவர் கணவர் கொடியில் துண்டை உலர்த்திக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்காமலே, "உடற்பயிற்சி மாதிரி ஆச்சு, பரவால்லம்மா" என்றார். சொல்லும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

அப்போது பார்த்து நான் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். விளக்கு நின்றது, எண்ணிக்கை சரியாக இருந்தது, லாகரை அழித்தேன். அழித்த கையோடு, "அப்ப இந்த மூணு மாசமும் வீண்தான் டீச்சர். யாரும் தண்ணி எடுக்காத கிணத்தோட கணக்கு எங்களுக்கு உதவாது" என்று வாயைவிட்டுச் சொல்லிவிட்டேன். தன் வீட்டுக் குடங்கள் எல்லாம் வீண் என்று ஒருவரிடம் சொல்கிறோமே என்று யோசிக்கவில்லை. டீச்சர் முகம் வாடிப்போனது. பிறகு, "அன்னிக்கு என்ன தேதிம்மா, நீ முதல் தடவை வந்தியே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வேறு மாதிரியும் யோசித்தேன், ஒளிப்பானேன். சார் தங்கம் என்கிறார். வருகிறவர்களும் தங்கம் என்பார்கள். மூடிக்கொண்டு இருந்தால் ஜூலை தாண்டிவிடும். ஆனால் அந்தப் பகுதியில் கோடையிலும் உப்பு ஏறாது என்று அச்சிட்டுக் கொடுத்தால், அதை நம்பி யாராவது எதையாவது செய்வார்கள். டீச்சர் தெருவிலேயேகூட ஆழ்குழாய் இறக்குவார்கள். சாரின் அறைக்குள் போய், பிப்ரவரியிலிருந்து அந்த வீட்டில் கிணற்றைத் தொடவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சார் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் தொடல?"

"மிஷின் கெட்டுடும்னு நெனச்சுட்டாங்க சார்."

"அப்படி நெனைக்கிற மாதிரி நீ என்ன சொல்லி வெச்சே?"

பாதி உண்மை சொல்கிற தைரியம்தான் என்னிடம் இருந்தது.

"படிச்ச பொண்ணுதானே நீ? போய் உக்காந்து எதுக்கு அளக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? இடைவெளி இல்லாத பதிவுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப மூணு கிணத்துல ஒண்ணு போச்சு. ஜூலைல நான் என்னத்தைக் காட்டறது? நீயும் வேற இடம் பார்த்துக்கறது நல்லது."

அன்று வீட்டில் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மா ஒரு போட்டோவைக் காட்டி மாப்பிள்ளை அடக்கமானவர் என்றார். சரி, வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு மாடிப்படியில் மூச்சுவாங்க ஏறிவந்தவர் டீச்சர். தோளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பை. உள்ளே சாரைப் பார்க்க வேண்டும் என்றார். பையிலிருந்து நாலு முழுத்தாளை எடுத்து மேஜையில் வைத்தார். இடது பக்கம் சிவப்பு மையில் மார்ஜின் கிழித்து, 'நோக்கம்' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். 'செய்முறை', 'காண்பன' என்றெல்லாம் இருந்தது. பரீட்சை ரெக்கார்டு நோட்டு எழுதுவதைப் போலவே எழுதியிருந்தார்.

மோட்டார் முன்பு தினமும் எத்தனை மணிக்குப் போட்டார்கள், எவ்வளவு நேரம் ஓடியது, எந்தத் தேதி சாயங்காலத்திலிருந்து நிறுத்தினார்கள், எல்லாம் இருந்தது. நடுவில் இரண்டே இரண்டு நாள் கிணற்றைத் தொட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, லாரியும் வராத நாட்கள். முதல் நாள் காலையில் ஆறு வாளி, மறுநாள் சாயங்காலம் நாலு வாளி. அதையும் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று சேர்த்திருந்தார்.

சார் என்னைக் கூப்பிட்டு ஏப்ரல் பதிவைத் திரையில் போடச் சொன்னார். பிளாப்பி கரகரவென்று ஓடியது. அந்த இரண்டு தேதிகளையும் பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் நாள் காலையில் நகக்கீறல் போல ஒரு சின்னப் பள்ளம். மறுநாள் சாயங்காலம் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. தங்கம் தங்கம் என்று பார்த்தபோது எங்கள் இருவர் கண்ணிலும் அவை படவில்லை. சார் தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"டீச்சர், எந்த நாள் எடுத்தீங்க, எந்த நாள் எடுக்கலைன்னு இவ்வளவு துல்லியமாத் தெரிஞ்சா, இது வீணே இல்ல" என்றார். "மூணு மாசம் ஓய்வா இருந்த கிணறு எப்படி இருக்கும்னு ஊர்ல எவன்கிட்டயும் பதிவு கிடையாது. எவன் கிணத்தை சும்மா விடுவான்? இனிமே நீங்க மோட்டார் போடப்போட மட்டம் என்ன ஆகுது, உப்பு என்ன ஆகுதுன்னு இதோட வெச்சுப் பார்க்கலாம்."

டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆனா ஒண்ணு சொல்லுங்க. கிணத்தைத் தொடவே கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? இவளா?"

டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "இல்லையே. கருவியைத் தொடப்படாதுன்னு மட்டும்தான் இவ சொன்னா. கிணத்தையே தொடப்படாதுன்னு நானாத்தான் முடிவு பண்ணிண்டேன். நாலு எழுத்துப் படிச்சுட்டா வர்ற கோளாறு சார் இது. குழந்தையைக் கோச்சுக்காதீங்கோ."

வாயைத் திறந்து, இல்லை சார், நான்தான் கத்தினேன் என்று சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. சார் தாள்களை அடுக்கி, பஞ்ச் செய்து, கோப்பில் கோத்து முடிக்கும் வரை நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. வேலை வேண்டும் என்கிற ஆசை தடுத்தது. டீச்சரைப் படியிறங்கிக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. ஜூலையில் வந்தவர்கள் அந்தக் கோப்பைத்தான் அதிக நேரம் புரட்டினார்கள். நீட்டிப்பு கிடைத்தது. அம்மா போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் அதற்கு முன், ஜூன் மாத இறுதியில், பதிவு எடுக்க டீச்சர் வீட்டுக்குப் போனேன். பெட்டியைச் செருகி, விளக்கு மினுக்க ஆரம்பித்ததும் காபி வந்தது. காபியை வாங்காமல் கேட்டேன்.

"சார்கிட்ட ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க? நான் கத்தினேனே, அதைச் சொல்லலையே?"

"நீ எப்போ கத்தினே?"

"முதல் நாள். உங்க வீட்டு சாரைப் பார்த்து. இந்தக் கிணத்துல யாரும் கை வைக்காம இருந்தாலே போதும்னு."

"அதுக்குப் பேர் கத்தலா? என் எட்டாம் கிளாஸ் பி செக்‌ஷனுக்கு ஒரு நாள் வந்து பாரு" என்றார். சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, சிரிப்பில்லாமல், "அவர்தான் ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. அவர்கிட்ட வேணா ஒரு வார்த்தை பேசிட்டுப் போ" என்றார்.

கூடத்தில் அவர் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் எதிரில் நின்று, அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் ஏன் எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது. "சரிம்மா, சரிம்மா" என்றார்.

திரும்பிக் கிணற்றடிக்கு வந்தபோது டீச்சர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருக்கிறது. பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்ததால் கையை எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இப்போ போடலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அவர் வீடு, அவர் கிணறு, அவர் மோட்டார். ஆறு மாதமாக அந்தச் சுவரில் ஆணியடித்துக் கருவியை மாட்டி, நினைத்த நாளில் வந்து, நினைத்தபடி பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நான் அவர்களை எதற்கும் கேட்டதில்லை.

"உங்க கிணறு டீச்சர், என்னைக் கேக்காதீங்க" என்றேன். "நான்தான் கேக்கணும். இந்தக் கருவி இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கலாமா?"

"இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்லிவிட்டு டீச்சர் சுவிட்சைப் போட்டார்.